கேமராவுக்குக் காட்டாத கால்

தம்பி,

நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிக்கத்தான் கை போகுது. அம்பது வருசப் பழக்கம், சொன்னா கேக்குமா? ஆனா இங்க யாரும் நலமா இல்ல, அதனால அத எழுதாம விட்டுட்டேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிஞ்சிருக்கு. உன் பழைய லேப்டாப்புல, நீ எனக்காகப் போட்டுக் குடுத்த தமிழ் டைப்ரைட்டர் கீபோர்டுல தட்டிக்கிட்டிருக்கேன். டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணினது இத்தனை வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் உருப்படியா உதவுது. திரையோட மூலையில அம்மாவோட ஸ்கேன் கிளவுடுக்கு ஏறிக்கிட்டிருக்கு. பதினோரு சதவீதம்னு காட்டுது. காலையில பத்தா இருந்துச்சு. மீதி ஏற ரெண்டு நாள் பதினாலு மணி நேரம் ஆகும்னு அதுவே சொல்லுது, கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா மூணு நாளுங்குது. அதப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணு பூத்துப் போச்சு.

"மெதுவா ஏறட்டும்பா, என்ன அவசரம்"னு நேத்து நீ சொன்ன. உம்மேல தப்பில்ல, உங்கிட்ட நான் சொன்னது அப்படி. விரல்ல சின்னப் புண்ணு, ரத்த ஓட்டம் எப்படி இருக்குன்னு பார்க்க ஸ்கேன் எடுத்தாங்கன்னு சொன்னேன். விரல் இல்ல தம்பி, கால். இடது கால், முட்டிக்குக் கீழ. திங்கட்கிழமை காலையில எட்டு மணிக்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில கொண்டாந்து சேர்க்கச் சொல்லியிருக்காங்க, எடுக்கிறதுக்கு. டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு நிதானமாத்தான் சொன்னார். பாதத்துக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு, அடைப்பத் திறந்து காலக் காப்பாத்த முடியும்னு எனக்குத் தோணல, வேற யாருகிட்டயாவது காட்டிக் கேக்கணும்னா தாராளமாக் கேளுங்க, ஆனா திங்கட்கிழமையைத் தாண்டக் கூடாது, விஷம் மேல ஏறினா உயிருக்கே ஆபத்துன்னார். அங்க சிங்கப்பூர்ல உனக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா இதே ரத்தக்குழாய் வேலை செய்யறவங்க. போன்ல எடுத்த போட்டோ ஆகாது, டிஸ்க்குல இருக்கிற மொத்தத்தையும் பார்த்தாத்தான் சொல்ல முடியும்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள அது அவங்க கைக்குப் போயாகணும். போகலன்னா திங்கட்கிழமை உங்கம்மா ரெண்டு காலோட உள்ள போய் ஒரு காலோட வெளிய வருவா. இதுதான் விசயம்.

போன்லயே சொல்லலாமேன்னு கேப்ப. போன எடுத்ததும் நீ "என்னப்பா?"ங்கிற. எனக்கு வாயில வர்றது "ஒண்ணுமில்லப்பா." நம்ம வீட்டுல எல்லாத்துக்கும் அந்த ஒரு வார்த்தைதான். மோட்டார் புகைஞ்சு போனப்ப ஒண்ணுமில்ல, மழையில பயிர் மூழ்கினப்ப ஒண்ணுமில்ல, சர்க்கரை இறங்கி உங்கம்மா கொல்லையில விழுந்து கிடந்தப்பவும் உங்கிட்ட ஒண்ணுமில்லன்னுதான் சொன்னேன். நாலு நாள் கழிச்சு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித் தெரிஞ்சுகிட்டு நீ லீவு போட்டு ஓடி வந்த. வந்து ஒரு வார்த்தை கோவிச்சுக்கல. கூடத்துல ஒண்ணு, வாசல்ல ஒண்ணு, கொல்லையில ஒண்ணு, மாட்டுக் கொட்டகையில ஒண்ணுன்னு நாலு கேமரா மாட்டிட்டுப் போயிட்ட. "இனிமே நீங்க சொல்லவே வேணாம்பா, நானே பார்த்துக்கிறேன்"னு சொன்ன. அன்னைக்கு எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. இன்னைக்கு இன்னும் அதிகமா இருக்கு.

செவ்வாய்க்கிழமை டிஸ்க்கைப் போட்டு ஏத்த ஆரம்பிச்சேன். மூணு நாள்ல நான் பண்ணின கூத்தக் கேளு. எழுந்து போறப்பல்லாம் தூசி விழுமேன்னு லேப்டாப்ப மூடி, மேல ஒரு துண்டையும் போட்டு வெச்சுட்டுப் போனேன். திரும்ப வந்து தொறந்தா விட்ட எடத்துலயே நிக்குது. நெட்டு சரியில்லன்னு நெட்டத் திட்டினேன். மூடினா அது தூங்கிடும்னு நீ சொன்ன பிறகுதான் தெரிஞ்சுது, அதுக்குள்ள ஒரு முழு நாள் போச்சு. அப்புறம் டிஸ்க்குக்குள்ள பார்த்தா குட்டிக் குட்டியா ஆயிரக்கணக்குல படம். ஒவ்வொண்ணா ஏறினா ஒவ்வொண்ணுக்கும் கதவத் தட்டி உள்ள போகணும்பா, எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டுங்கன்னு நீ சொல்லிக் குடுத்த. கட்டினேன். கொஞ்சம் வேகம் வந்த மாதிரி இருந்துச்சு, திரும்பப் படுத்துருச்சு. மோடம் கூடத்துல பீரோ மேல, நான் அறைக்குள்ள. சுவரு தடுக்குதுன்னு நாற்காலிய பீரோவுக்குப் பக்கத்துலயே போட்டு, ஒயரையே நேரா லேப்டாப்புல சொருகினேன். உங்கம்மா போனும் என் போனும் தன்னால போட்டோ ஏத்துதுன்னு அதையும் நிறுத்தினேன். பதினோரு சதவீதம்.

நேத்து டிஸ்க்க எடுத்துக்கிட்டு திருவையாத்துக்கே ஓடினேன். ஆராதனை நேரம், ஊரு முழுக்கத் தலை. கம்ப்யூட்டர் கடையில ஒரு மணி நேரம் நின்னு மிஷின் கிடைச்சு, அங்க டிஸ்க்கு படிக்குது, ஆனா ஏற மாட்டேங்குது. வந்திருக்கிறவங்க அத்தனை பேரும் பாட்டப் படம் புடிச்சு அங்கேர்ந்தே அனுப்பிக்கிட்டிருக்காங்க, எங்க லைனே திணறுதுங்கய்யான்னு கடைக்காரர் கைய விரிச்சுட்டார். வெளிய வந்தா அத்தனை பேர் சேர்ந்து பாடுறாங்க, எனக்கு அங்கேயே நடுரோட்டுல உட்கார்ந்து அழணும் போல இருந்துச்சு. வீட்டுக்கு வந்தா அம்மாவுக்குக் காய்ச்சல், தனியா எழுந்து தண்ணி மோந்து குடிக்கப் போயி கதவு நிலையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. அதுக்கப்புறம் அவள விட்டுட்டு எங்கயும் போறதா இல்ல.

இப்ப புண்ணு எப்படி வந்துச்சுன்னு சொல்லணும். இதத்தான் சொல்லாம சுத்திக்கிட்டிருக்கேன்.

மார்கழி கடைசியில நம்ம மேட்டு வயல் அறுப்பு. மிஷின் வந்து வரப்போரமா நிக்குது. மிஷின் இறங்குறதுக்கு முன்னாடி வீட்டுப் பொம்பள வடகிழக்குல சனி மூலையில ஒரு கைப்பிடி கதிர் அறுத்துக் குடுக்கிறது நம்ம வழக்கம், நீ சின்ன வயசுல பார்த்திருக்க. சனி மூலைக்குப் போகணும்னா பக்கத்து வயலுக்குள்ளாறதான் போகணும், அது முந்தின நாளே அறுத்த வயலு, நெல்லுத் தாள் எல்லாம் கூரா நிக்குது. உங்கம்மா நீ வாங்கி அனுப்பின மெத்தைச் செருப்பப் போட்டுக்கிட்டு வரப்புல நின்னா. சர்க்கரைக்காரங்க ஒரு அடி கூட வெறுங்காலோட வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லித்தான் நீ அத அளவெடுத்து வாங்கின. செருப்போடயே வரட்டுமாங்கன்னு மெல்லத்தான் கேட்டா. மிஷின் டிரைவர் பார்க்கிறான், பக்கத்து வயல்காரர் பார்க்கிறார். நான் கத்தினேன். "சோறு போடுற மண்ண செருப்போட மிதிப்பியா? உனக்கு மட்டும் என்ன புதுசா?"ன்னேன். அவ செருப்பக் கழட்டி வரப்புல ஜோடியா வெச்சுட்டு எம் பின்னாலயே நடந்தா. நான் முன்னால வெறுங்காலோட ஜம்முன்னு போனேன், திரும்பிக் கூடப் பார்க்கல.

சாயங்காலம் கூடத்துத் தரையில அங்கங்க செவப்பா இருக்கு. என்னன்னு பார்த்தா அவ கால் பட்ட எடம். பாதத்துல தாள் ஏறி உள்ளயே ஒடிஞ்சிருக்கு, அவளுக்கே தெரியல. வலிக்குதான்னு கேட்டேன், வலிக்கலைங்கன்னா. வலிக்கலன்னா பெருசா ஒண்ணுமில்லன்னு நெனச்சேன் பாரு, அதுதான் நான் பண்ணின பெரிய முட்டாள்தனம். அந்தக் காலுக்கு வலியே தெரியாதுன்னுதானே டாக்டர் செருப்பு போடச் சொன்னார்! தாளைப் பிடுங்கிட்டு மஞ்சளும் எண்ணெயும் கொழைச்சுப் போட்டேன். பொங்கலன்னைக்கு வாடை வந்துச்சு. மறுநாள் விரலு கறுத்துச்சு. அதுக்கப்புறம்தான் கூட்டிட்டுப் போனேன்.

நீ மூணாவது படிக்கிறப்ப கருவ முள்ளு ஏறி, நான் அடிப்பேன்னு பயந்து மறைச்சு வெச்சியே, ஞாபகம் இருக்கா? காய்ச்சல் வந்து அனத்தின பிறகு தெரிஞ்சுது. சைக்கிள் கேரியர்ல உன்ன உட்கார வெச்சு மிதிக்கிறப்ப வழியெல்லாம் திட்டிக்கிட்டே போனேன். புண்ண மறைச்சா கால் போயிடும்டான்னு சொன்னது நாந்தான். காயம் கட்டி வீட்டுக்கு வந்த பிறகு முதுகுல ரெண்டு வெச்சேன் வேற. அப்ப உனக்கு எட்டு வயசு. எனக்கு இப்ப அறுபத்தாறு.

வைகாசியில உனக்குக் கல்யாணம். நான் புத்தி சொல்ற லட்சணத்துல இல்லதான், இருந்தாலும் அப்பன் சொல்றேன், கேட்டுக்க. உன் பொண்டாட்டி நம்ம வயலுக்கு வந்தா, நாலு பேர் பார்க்கிறாங்கன்னு அவளைச் செருப்பக் கழட்டச் சொல்லாத. நான் சொன்னாலும் கேக்காத, என்னை எதுத்துப் பேசு. மண்ணு யாருகிட்டயும் செருப்பக் கழட்டுன்னு கேட்டதில்ல. கேட்டது என் வீம்பு. அப்புறம், அவ மெல்லக் கேக்கிறத நீ காது குடுத்துக் கேளு. உங்கம்மா முப்பத்தஞ்சு வருசமா மெல்லத்தான் கேக்கிறா.

இன்னொண்ணும் இருக்கு. புண்ணு தெரிஞ்ச நாள்லேர்ந்து அவ நாற்காலிய நகர்த்திட்டேன். கூடத்துக் கேமராவுக்கு நேர் கீழ, சுவரோட ஒட்டிப் போட்டேன். அந்த எடம் மட்டும் உனக்குத் தெரியாதுன்னு என் போன்லயே பார்த்து உறுதி பண்ணிக்கிட்டேன். உங்கம்மாவுக்கு அந்தக் கேமராதான் நீ. காலையில எழுந்ததும் அதப் பார்த்து "சாப்பிட்டியா"ன்னு கேப்பா, பூச்செடி பூத்தா கொண்டாந்து காட்டுவா. நீ அதுலேர்ந்தே, "அப்பா, லுங்கிய இறக்கிக் கட்டுங்க"ன்னு குரல் குடுத்தா விழுந்து விழுந்து சிரிப்பா. போன வாரம் ரெண்டு தடவ நீ அதுல கூப்பிட்டு, அம்மா எங்கப்பா, ஆளையே காணோம்னு கேட்ட. அறையில தூங்கிக்கிட்டிருக்கான்னு சொன்னேன். அவ உன் குரலுக்கு நேர் கீழ, முந்தானைய வாயில வெச்சு அமுக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தா.

பன்னெண்டு சதவீதம். இதுக்கு மேல இன்னைக்கு முடியல.

இன்னைக்கு சனிக்கிழமை. காலையில பதினாறுல நின்னுது. கணக்குப் போட்டுப் பார்த்தா செவ்வாய்க்கிழமை ஆகும். செவ்வாய்க்கிழமை ஏறி யாருக்கு என்ன பிரயோசனம்? நம்ம தெருவுக்கு நெட் இழுத்துக் குடுத்த பாஸ்கருக்கு ஆறாவது தடவையாப் போன் அடிச்சேன். வராட்டி உன் வீட்டு வாசல்ல வந்து உட்காருவேன்னு சொன்னேன், பாவம், வேற எடத்துல வேலையப் பாதியில விட்டுட்டு வந்தார். ரெண்டு தடவ வந்து பார்த்தவர்தான். எறங்குற வேகம் நல்லா இருக்கு, ஏறுற வேகம்தான் நம்ம லைன்ல கம்மி, அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்கய்யான்னு சொல்லிட்டுப் போனவர்தான். இந்தத் தடவ அம்மா கால அவருக்குக் காட்டினேன். உனக்குக் காட்டாதத நெட்காரருக்குக் காட்டினேன் பாரு. அவர் லேப்டாப்ப அமத்திட்டு, ரெண்டு போனையும் அமத்திட்டு, மோடத்துக்கு முன்னால நின்னு வெளக்கையே பார்த்துக்கிட்டிருந்தார்.

வெளக்கு நிக்காம சிமிட்டுது. "ஐயா, எல்லாத்தையும் அமத்தியாச்சு. ஆனா உங்க வீட்டுலேர்ந்து வேற என்னமோ ஏறிக்கிட்டே இருக்கு"ன்னார்.

பின்னாடி இருந்த ஒயர ஒவ்வொண்ணாப் பிடுங்கினார். மூணாவது ஒயரப் பிடுங்கினதும் வெளக்கு அடங்கிச்சு. கேமராப் பெட்டி ஒயரு. எதுவும் தப்பிடக் கூடாதுன்னு நாலு கேமராவும் ராத்திரி பகல் நிக்காம கிளவுடுக்கு ஏத்துற மாதிரி நீ வெச்சுட்டுப் போயிருக்க. இருக்கிற கொஞ்ச எடத்தையும் அது அடைச்சுக்கிட்டிருக்கு. லேப்டாப்ப மறுபடி போட்டார். மூணு நாள்னு இருந்தது ஆறு மணி நேரம்னு இறங்குச்சு. கண்ணு முன்னால பதினேழு, பதினெட்டுன்னு போகுது. நாலு நாளா நம்ம மாடு அசை போடுறது உங்கிட்ட ஏறியிருக்கு தம்பி, உங்கம்மா கால் ஏறல.

பாஸ்கர் கையப் புடிச்சுக்கிட்டேன். அவர் போனதும் நான் என்ன பண்ணினேன் தெரியுமா? அந்த ஒயர எடுத்துத் திரும்பச் சொருகிட்டேன். கேமரா இருட்டானா அடுத்த நிமிசம் நீ கூப்பிடுவ, என்னப்பா ஆச்சுன்னு கேப்ப. கரண்டு போச்சு, நெட்டு கோளாறுன்னு ஏதாவது புளுகலாம். வாய் வரைக்கும் வந்துருச்சு. இன்னொரு பொய்ய எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு தெரியாம நின்னேன். அரை மணி நேரம், அவ கால் விசயத்துல அரை மணி நேரம், சொருகின ஒயரப் பிடுங்காம கையில புடிச்சுக்கிட்டு பீரோ பக்கத்துல நின்னேன். எனக்கு என்னை நெனச்சாலே அருவருப்பா இருக்கு.

உங்கம்மா நாற்காலியிலேர்ந்து எல்லாத்தையும் பார்த்துக்கிட்டிருந்திருக்கா. இந்தத் தடவ அவ மெல்லப் பேசல.

"எடுத்தா எடுக்கட்டுங்க. ஆனா அவன் பார்க்காம எடுக்க வேணாம். நாற்காலிய நகர்த்துங்க."

அதான் இந்தக் கடுதாசியக் கடைசி வரைக்கும் எழுதி முடிச்சுட்டேன். ஸ்கேன் மாதிரி இது கனமில்ல, கேமரா ஓடிக்கிட்டிருந்தாலும் ஒரு நிமிசத்துல ஏறிடும். ஏறினதும் உன் போன்ல சத்தம் வரும்னு நீயே சொல்லியிருக்க. வேலையில இருந்தாலும் எடுத்துப் படி. படிச்சதும் கூடத்துக் கேமராவத் தொற. அம்மா நாற்காலி கூடத்துக்கு நடுவுல இருக்கும். கால ஸ்டூல் மேல தூக்கி வெச்சிருப்பா. கட்ட அவிழ்க்கல, ஆனா விரலு வெளிய தெரியும். நல்லாப் பார்த்துக்க. பக்கத்துல நானும் நிப்பேன், என்னையும் பாரு.

பத்து நிமிசம்தான். நீ பார்த்தாலும் பார்க்காட்டியும் பத்தாவது நிமிசம் ஒயரப் பிடுங்கிடுவேன். அவ உட்கார்ந்திருக்கிறது கிளவுடுல பதிஞ்சு இருக்கும், அப்புறமாக் கூடப் பார்த்துக்கலாம். ஸ்கேன் ராத்திரிக்குள்ள வந்து சேர்ந்துடும். அந்த டாக்டரம்மா ஞாயித்துக்கிழமை லீவுன்னா அவங்க வீட்டுக்கே போ, வாசல்ல நில்லு, கால்ல வேணா விழு. முடியும்னு சொன்னாலும் முடியாதுன்னு சொன்னாலும் அப்படியே எங்கிட்ட சொல்லு.

நாலு கேமராவும் இருட்டானா பதறாத. நெட்டு கோளாறு இல்ல, கரண்டும் போகல. நாந்தான் பிடுங்கினேன். போன் பண்ணு, எப்பவும் போல என்னப்பான்னு கேளு. இந்தத் தடவ சொல்றேன்.

அப்பா